காற்று எப்போது திரும்பும்? மெல்பர்ன் கொல்லைப்புறத்தில் ஒரு கோடைக் கணக்கு

போன கோடையில் அம்மா மதுரையிலிருந்து எங்களைப் பார்க்க மெல்பர்ன் வந்திருந்தார். ஜனவரி மாதம், வெளியே 40 டிகிரி. "இந்த வெயிலைச் சும்மா விடலாமாடா?" என்று விடியற்காலையிலேயே ஜவ்வரிசிக் கூழ் காய்ச்சி, கொல்லையில் இரண்டு வேட்டியை விரித்து வடாம் ஊற்றிவிட்டார். மதியம் மூன்றரைக்குக் காற்று திரும்பியது. வடக்கிலிருந்து வீசிக்கொண்டிருந்த அனல் ஒரு நிமிடம் அடங்கியது, அடுத்த நிமிடம் தென்மேற்கிலிருந்து ஒரே தள்ளு. இரண்டு வேட்டியும் வேலி தாண்டிப் போயின. வடாமில் பாதி புல்லில், மீதி பக்கத்து வீட்டு நாய்க்கு. கால் மணி நேரத்தில் 39 டிகிரி 25 ஆனது. அம்மா சால்வையைத் தேடினார்.

"டிவியில சாயங்காலம்னுதானே சொன்னான்?"

சொன்னதில் தப்பில்லை. அவர்கள் ஊர் முழுவதற்கும் சேர்த்துச் சொல்கிறார்கள். மேற்கே வெர்ரிபியில் திரும்பிய காற்று, தென்கிழக்கே நாங்கள் இருக்கும் டேண்டினாங்குக்கு வந்து சேர ஒரு மணி நேரம் ஆகலாம். எனக்கு வேண்டியது என் கொல்லைக்கான நேரம். கூடவே, திரும்பிய பிறகு எத்தனை டிகிரியில் நிற்கும், காற்று எவ்வளவு வேகமாக வீசும், ராத்திரி ஜன்னலைத் திறந்து வைக்கலாமா என்பதும். அன்று ராத்திரியே ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். அதிலிருந்துதான் இந்தப் பதிவு.

இந்த ஊருக்குப் புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. நமக்கு வாடை என்றால் மார்கழிக் குளிர். இங்கே எல்லாம் தலைகீழ். வடக்குக் காற்று ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலையிலிருந்து வருகிறது, அடுப்பு வாயைத் திறந்த மாதிரி இருக்கும். தென்மேற்கில் அண்டார்டிகா வரை கடல்தான். மேற்கிலிருந்து ஒரு குளிர் முகப்பு, அதாவது குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு, நகர்ந்து வரும்போது அதற்கு முன்னால் வடக்கு அனல் பலமாகிறது. முகப்பு கடந்ததும் தென்கடலின் குளிர்ந்த கனமான காற்று தரையோடு ஆப்பு மாதிரி உள்ளே நுழைந்து, அனலை மேலே தூக்கிவிடுகிறது. இங்கே எல்லோரும் அதை "கூல் சேஞ்ச்" என்பார்கள். நம் ஆட்கள் வெறுமனே "சேஞ்ச் வந்துடுச்சா?" என்று கேட்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இதில்தான் முதலில் வழுக்கினேன். அமெரிக்கப் புத்தகங்களில் முகப்பு கடக்கும்போது காற்று கடிகார முள் சுற்றும் பக்கமாகத் திரும்பும் என்று இருக்கும். தென்கோளத்தில் எதிர்ப்பக்கம்: வடக்கு, வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு. புத்தகத்தைப் பார்த்து எழுதிய என் முதல் நிரல் கிழக்குக் காற்றுக்காகக் காத்துக்கொண்டே இருந்தது.

சாமான்கள்

பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் இ.எஸ்.பி. 32 போர்டு (உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கணினி), வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றும் காட்டும் பி.எம்.இ. 280 சென்சார், மூன்று கிண்ணங்கள் சுழலும் காற்றுமானி, காற்று வரும் திசையைக் காட்டும் ஒரு திசைகாட்டி. காற்றுமானிக்குள் ஒரு காந்தமும், காந்தம் நெருங்கினால் மூடிக்கொள்ளும் ரீட் சுவிட்சும்தான். நொடிக்கு ஒரு கிளிக் விழுந்தால் மணிக்கு 2.4 கி.மீ. என்று கணக்கு. திசைகாட்டியில் எட்டு சுவிட்சுகள், எட்டு ரெசிஸ்டர்கள். பக்கத்துப் பக்கத்துச் சுவிட்சுகள் இரண்டும் ஒன்றாக மூடினால் இடைத்திசை என்று வைத்து 16 திசைகளைப் பிரித்துச் சொல்லும்.

வெப்ப சென்சாருக்கு நிழல்கூடு வேண்டும். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகள் ஆறு வாங்கி, நடுவில் ஓட்டை போட்டு, இரண்டு விரல் இடைவெளியில் அடுக்கினேன். அதைக் கொண்டுபோய் கராஜ் தகரக் கூரையின் இறவாணத்தில் தொங்கவிட்டதுதான் முட்டாள்தனம். பகலில் நாலு டிகிரி கூடக் காட்டியது. அதைவிட மோசம், சேஞ்ச் வந்த பிறகும் சூடேறிய தகரம் ஆறும்வரை சென்சாரும் ஆறவில்லை. ஊரே குளிர்ந்து இருபது நிமிடம் கழித்துத்தான் என் கருவிக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. புல்தரை நடுவில் கம்பம் நட்டு, ஒன்றரை மீட்டர் உயரத்தில் மாற்றினேன். பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சிறு மின்விசிறியை அடித்தட்டில் வைத்துக் காற்றை மேலே இழுக்கவிட்ட பிறகு, ஒரு நிமிடத்துக்குள் மாற்றத்தைப் பிடிக்கிறது.

அழுத்தத்துக்கு மட்டும் தனியாக இன்னொரு சென்சாரை வீட்டுக்குள் ஹாலில் வைத்துவிட்டேன். காற்றழுத்தம் உள்ளேயும் வெளியேயும் ஒன்றுதான். உள்ளே வெயில் ஏறி இறங்கும் தொல்லை இல்லை. கதவு படாரென்று சாத்தினால் ஒரு சின்ன முள் விழும், அவ்வளவுதான்.

வடக்கும் வடக்கும் சேர்ந்து தெற்கு

கருவி ஓட ஆரம்பித்த முதல் வாரத்திலேயே ஒரு 38 டிகிரி நாள். மதியம் பன்னிரண்டரைக்குக் கைப்பேசியில் மணி அடித்தது: "காற்று தெற்கு, சேஞ்ச் வந்துவிட்டது." வேலையில் இருந்த நான் வீட்டுக்குப் போன் செய்து ஜன்னலையெல்லாம் திறக்கச் சொன்னேன். மனைவியும் திறந்தார். அடுத்த பத்து நிமிடத்தில் வீடு முழுக்க அனல். சாயங்காலம் நான் போனபோது ஹாலில் 32 டிகிரி. அதைப் பற்றி மேலும் எழுதுவதற்கில்லை.

ராத்திரி பதிவுகளைப் பார்த்தால் காரணம் சிறுபிள்ளைத்தனமானது. காற்றின் திசை 350 டிகிரிக்கும் 10 டிகிரிக்கும் நடுவே, அதாவது வடக்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், ஊசலாடிக்கொண்டிருந்தது. நான் பத்து நிமிட சராசரி எடுத்திருந்தேன். 350-ஐயும் 10-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 180. சுத்தமான தெற்கு! திசையை எண்ணாக வைத்துச் சராசரி எடுக்கக் கூடாது. ஒவ்வொரு அளவையும் கிழக்கு-மேற்கு, வடக்கு-தெற்கு என்று இரு கூறுகளாகப் பிரித்து, தனித்தனியே கூட்டி, கடைசியில் மறுபடி திசையாக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் படித்த சைனும் கொசைனும் கடைசியில் ஒரு வேலைக்கு உதவின.

மூன்று கால், ஒரே கோடு

இப்போது நேரக் கணக்கு. இதற்கு என் கருவி போதாது, எனக்கு மேற்கே இருப்பவர்களின் அளவுகள் வேண்டும். ஆஸ்திரேலிய வானிலைத் துறை தன் நிலையங்களின் அளவுகளை அரைமணிக்கு ஒருமுறை பொதுவில் போடுகிறது. தென்மேற்கு முனையில் கேப் ஆட்வே கலங்கரை விளக்கம், கடற்கரையோரம் ஏரீஸ் இன்லெட், அப்புறம் ஜீலாங். மூன்றிலும் காற்று திரும்பிய நேரம் தெரிந்தால், முகப்பை ஒரு நேர்கோடாக வைத்து, அதன் வேகத்தையும் வரும் திசையையும் பிடித்துவிடலாம் என்பது என் திட்டம். மூன்று தெரிந்த நேரம், மூன்று தெரியாத எண், பள்ளிக்கூடச் சமன்பாடு.

ஒரு நாள் கேப் ஆட்வேயில் 1:30, ஏரீஸ் இன்லெட்டில் 2:47, ஜீலாங்கில் 3:30 என்று வைத்துப் போட்டேன். என் வீட்டுக்கு 5 மணி என்று வந்தது. திருப்திதான். ஆனால் அரைமணிக்கு ஒருமுறை வரும் பட்டியலில் பத்து நிமிடம் முன்பின் இருக்குமே என்று ஜீலாங் நேரத்தை மட்டும் 3:40 ஆக்கிப் பார்த்தேன். விடை 4:24. ஜீலாங்கில் தாமதமாக வந்தால் என் வீட்டுக்குச் சீக்கிரமாக வருமாம்! 3:20 ஆக்கினால் 5:33.

வரைபடத்தை விரித்து வைத்து அளவுகோலை வைத்த பிறகுதான் புரிந்தது. மூன்று ஊர்களும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கின்றன. ஒரே கோட்டில் கால் வைத்த முக்காலி மாதிரி, தொட்டால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயும். அந்தக் கோட்டுக்கு வெளியே ஒரு கால் வேண்டும். ஏரீஸ் இன்லெட்டை எடுத்துவிட்டு, வடக்கே உள்நாட்டில் இருக்கும் பல்லாரட்டைச் சேர்த்தேன். இப்போது அதே பத்து நிமிடப் பிசகுக்கு விடை 4:40-க்கும் 5:21-க்கும் நடுவே நின்றது. அன்று உண்மையில் வந்தது 5:10.

பல்லாரட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆட்வே மலைத்தொடரும் உள்நாட்டு மேடும் அந்தப் பக்கம் முகப்பைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். கடலோரமாக வரும் பகுதி முந்திக்கொள்ளும். அதனால் முகப்பு நேர்கோடாக இருக்காது, வளைந்து வரும். என் கணக்கு அதைக் கண்டுகொள்வதில்லை. பரிகாரம் எளிது: முகப்பு நெருங்க நெருங்க லாவர்டன், போர்ட் ஃபிலிப் விரிகுடாவுக்குள் நிற்கும் ஃபாக்னர் பீக்கன், அப்புறம் எங்களுக்குப் பக்கத்தில் மூராபின் விமான நிலையம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து மறுபடி போடுவது. ஃபாக்னர் பீக்கனில் திரும்பிவிட்டால் அதன் பிறகு கணக்கே வேண்டாம், துணி எடுக்க ஓடலாம்.

(கோடையில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைப்பார்கள், என் போர்டு அதை அறியாது. முதல் இரண்டு முன்கணிப்பும் சரியாக ஒரு மணி நேரம் பிசகின. நான் முகப்பைச் சந்தேகப்பட்டேன்.)

இந்த நேரக் கணக்கு வடாமுக்கும் ஜன்னலுக்கும் மட்டும்தான் என்பதையும் எழுதிவிட வேண்டும். இங்கே சேஞ்ச் வரும் நேரம் உயிர் பற்றிய விஷயம். வடக்குக் காற்றில் காட்டுத்தீ நீண்ட ஒடுங்கிய நாக்காகத் தெற்கு நோக்கி ஓடும். காற்று தென்மேற்குக்குத் திரும்பியதும், அந்த நாக்கின் நீண்ட கிழக்குப் பக்கம் முழுவதும் தீயின் முகமாகிவிடும். 2009 பிப்ரவரி 7, மெல்பர்னில் 46.4 டிகிரி பதிவான நாள். அன்றைய காட்டுத்தீகளில் 173 பேர் இறந்தார்கள். கில்மோர் ஈஸ்ட் பகுதியில் பற்றிய தீக்குச் சாயங்காலம் நடந்தது இதுதான். 1983 பிப்ரவரி 16-இல் விக்டோரியாவிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலுமாக 75 பேர் இறந்த நாளிலும் காற்றின் திருப்பம் இதே வேலையைச் செய்தது. தீ அபாயம் உள்ள பகுதியில் இருப்பவர்கள் விக்டோரியா அரசின் விக்எமர்ஜென்சி எச்சரிக்கையைத்தான் பார்க்க வேண்டும், கொல்லைக் கருவியை அல்ல.

போலிச் சேஞ்ச்

திசைப் பிழையைச் சரிசெய்த பிறகும் கருவி இரண்டு முறை ஏமாந்தது. வடக்குக் காற்று பலவீனமாக இருக்கும் நாளில், மதியத்துக்கு மேல் விரிகுடாவிலிருந்து கடற்காற்று உள்ளே வரும். எங்கள் வீடு கரையிலிருந்து பத்து கிலோமீட்டர் சொச்சம். திசை தென்மேற்கு, வெப்பம் ஆறேழு டிகிரி குறைகிறது, ஈரப்பதம் ஏறுகிறது. பார்த்தால் அசல் சேஞ்ச் மாதிரியே இருக்கும். ஒரு மணி நேரம் கழித்து வடக்கு மறுபடி ஜெயித்து, 29-க்கு இறங்கிய வெப்பம் 36-க்கு ஏறும்.

பிரித்துக் காட்டியது ஹாலில் சும்மா உட்கார்ந்திருந்த அழுத்த சென்சார். அசல் முகப்பு கடக்கும்போது, அதுவரை நாளெல்லாம் இறங்கிக்கொண்டிருந்த அழுத்தம் சட்டென்று திரும்பி, அரை மணியில் ஒன்றிரண்டு ஹெக்டோபாஸ்கல் ஏறுகிறது. கனமான காற்று தலைக்கு மேல் வந்து உட்காருகிறதல்லவா? கடற்காற்று வெறும் மெல்லிய விரிப்பு, அழுத்தம் அசைவதில்லை. இப்போது என் விதி இது: திசை மேற்குக்கும் தெற்குக்கும் இடையே பத்து நிமிடம் நிலைக்க வேண்டும், கால் மணியில் மூன்று டிகிரியாவது குறைய வேண்டும், அழுத்தமும் ஏற ஆரம்பித்திருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் மணி அடிக்கும். அதற்குள் அரை மணி போய்விடுமே என்றால், ஆமாம். அதனால்தான் மேற்கே இருக்கும் நிலையங்களைப் பார்க்கும் கணக்கை விடவில்லை. கருவி உறுதி செய்யத்தான்.

இரண்டு தவணையாக வரும் நாட்களும் உண்டு. முதலில் ஒரு தாழ்வழுத்தப் பள்ளம் கடந்து காற்று மேற்குக்கு வரும், நாலைந்து டிகிரி குறையும், அழுத்தமும் லேசாக ஏறும். அசல் முகப்பு இரண்டு மூன்று மணி நேரம் பின்னால் வரும். இதற்கு இன்னும் நல்ல விதி கிடைக்கவில்லை. திரும்பிய பின்னும் பனிப்புள்ளி (காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாக மாறும் வெப்பநிலை) ஐந்தாறு டிகிரியிலேயே கிடந்தால், வந்தது கடலிலிருந்து வந்த காற்று இல்லை என்று சந்தேகப்படுகிறேன். கடல் காற்றென்றால் பனிப்புள்ளி பன்னிரண்டுக்கு மேல் தாவும்.

எத்தனை டிகிரியில் நிற்கும்?

முதலில் சூடான காபி ஆறுவதைப் போன்ற வளைவைப் போட்டுப் பார்த்தேன். பொருந்தவே இல்லை. சேஞ்சில் காற்று ஆறுவதில்லை, வேறு காற்று வந்து உட்காருகிறது. படிக்கட்டில் இறங்கியது மாதிரி ஒரு படி, அப்புறம் மெல்லிய சரிவு. அந்தப் படி எங்கே இருக்கிறது என்பதை எனக்கு முன்பே அனுபவித்த ஊர்களைக் கேட்டால் போதும். காற்று திரும்பி அரை மணி கழிந்தபின் ஜீலாங்கில் என்ன வெப்பமோ, அதுவே என் அடிப்படை. நல்ல வெயிலில் சேஞ்ச் வந்தால் நிலத்தின் மேல் வரும் வழியில் சூடேறும், ஒன்றரையிலிருந்து இரண்டு டிகிரி கூட்டுகிறேன். பொழுது சாய்ந்து வந்தால் ஒன்றும் கூட்டுவதில்லை. கேப் ஆட்வேயை நேராக எடுத்தால் ஏமாறுவோம். அது கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது, அங்கே காட்டுவது ஏறக்குறைய பாஸ் நீரிணையின் நீர் வெப்பம். கோடையில் 17, 18 என்று நிற்கும். ஆனால் அது ஒரு தரைமட்டம்: அன்றைய சாயங்காலத்தில் எனக்கு அதற்குக் கீழே போகாது. மழைமேகம் கூட வந்தால் மட்டும் இந்த உறுதி இல்லை.

மறுநாள் உச்ச வெப்பத்துக்கு வேறு வழி. மெல்பர்ன் விமான நிலையத்திலிருந்து வானிலை பலூன் விடுகிறார்கள். அது 850 ஹெக்டோபாஸ்கல் உயரத்தில், சுமார் ஒன்றரை கிலோமீட்டர் மேலே, அளக்கும் வெப்பத்தை எடுத்துக்கொள்ளலாம். காற்று கீழே இறங்கினால் கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி சூடாகும். வெயில் நன்றாக அடித்துக் காற்று மேலும் கீழும் கலந்தால், மேலே இருப்பதோடு 14 கூட்டினால் தரையின் உச்சம். மேலே 24 என்றால் கீழே 38. முகப்பு கடந்து மேலே 8 ஆகிவிட்டால் கீழே 22. கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் சேஞ்சுக்கு மறுநாள் கடலிலிருந்து தாழ்ந்த சாம்பல் மேகம் வந்து ஊரை மூடிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அன்றைக்கு வெயிலே இல்லை, கலப்பும் இல்லை. 22 எதிர்பார்த்த நாளில் 18-தான் வந்தது. இப்போது காலை ஒன்பது மணிக்கு வெளியே போய் நிமிர்ந்து பார்த்து, மேகத்தில் நீலத் துண்டு ஒன்றும் தெரியாவிட்டால் மூன்று குறைத்துக்கொள்கிறேன். அதற்கு இதுவரை நிரல் எழுதவில்லை.

காற்று

இதில்தான் என் மதிப்பெண் குறைவு. வானிலை நிலையத்தில் காற்றை 10 மீட்டர் உயரத்தில், திறந்த வெளியில் அளப்பார்கள். என் கிண்ணங்கள் கராஜ் மேல் மூன்றரை மீட்டரில், சுற்றிலும் வீடுகள். மூராபினோடு இரண்டு மாதம் ஒப்பிட்டுப் பார்த்தேன். வடக்குக் காற்றில் அவர்களுடையதில் பாதிக்குச் சற்று மேல் எனக்குக் காட்டுகிறது. தென்மேற்கில் பாதிகூட இல்லை, பக்கத்து வீட்டு யூகலிப்டஸ் மரம் மறைக்கிறது. எனவே ஒரே பெருக்கு எண் சரிப்படாது. எட்டுத் திசைக்கும் எட்டு எண் கொண்ட சிறு அட்டவணை வைத்தேன்.

முன்கணிப்பும் அதே பாணிதான்: மேற்கு நிலையங்களில் சேஞ்சோடு வந்த உச்சக் காற்றை எடுத்து, என் அட்டவணையால் பெருக்குவது. முதல் பத்து நிமிட வீச்சுதான் பொருட்களைத் தூக்குகிறது. அது போனதும் சிறிது ஓய்வு, அப்புறம் சீரான தென்மேற்கு. பொழுது சாய்ந்து தரை குளிர்ந்ததும் எங்கள் பக்கம் காற்று படுத்துவிடும். விரிகுடாவை ஒட்டிய ஊர்களில் அப்படி இல்லை, ராத்திரியெல்லாம் வீசும். மோர்டியாலக்கில் இருக்கும் நண்பர் ராத்திரி பதினொரு மணிக்கு "இன்னும் சத்தம் நிக்கலை" என்று சொல்லும்போது எங்கள் வேப்பங்கன்று இலைகூட அசையாது.

காற்று படுத்து, வானமும் தெளிந்துவிட்டால் விடியற்காலை எதிர்பார்த்ததைவிடக் குளிரும். ஒருமுறை 16 என்று எழுதி வைத்தேன், 11-க்குப் போனது. ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கிய குடும்பத்தில் மூன்று பேருக்கு மூக்கடைப்பு.

இந்தக் கோடையின் நோட்டுப்படி ஒன்பது சேஞ்ச். நேரம் ஆறில் இருபது நிமிடத்துக்குள், இரண்டில் முக்கால் மணிவரை பிசகு, ஒன்று மேற்சொன்ன இரட்டைத் தவணை. வெப்பம் ஏழில் இரண்டு டிகிரிக்குள். உச்சக் காற்று பாதிக்குப் பாதி.

பிப்ரவரி கடைசியில் அம்மா மறுபடி வடாம் போட்டார். 4:50 என்று நான் சொல்லியிருந்தேன். 4:15-க்கு அவர் தானாகவே தட்டுகளை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "மேக்கால ஒரு கோடு மாதிரி மேகம் வருது பாரு. காக்காயெல்லாம் மரத்தை விட்டு இறங்கிடுச்சு." சேஞ்ச் 5:05-க்கு வந்தது, 37-லிருந்து 24. நான் சொன்னது 23.

காற்றுமானியைக் கராஜிலிருந்து ஆறு மீட்டர் கம்பத்துக்கு ஏற்ற வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.